நேற்று உங்கள் வீட்டில் யார் யார் எங்கே போனீர்கள்?

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். வரும் புதன்கிழமை முதல் நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஓர் ஆசிரியருடன் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். முந்தின நாள் வீட்டில் ஒவ்வொருவரும் எங்கே, எதற்கு, எதில் போனீர்கள், எவ்வளவு நேரமானது என்று கேட்பார்கள்.

படிவம் ஏன் இரண்டு வகை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வாலாஜாபாத் டவுனில் பகலில் பல வீடுகள் பூட்டியிருக்கும். ஒரகடம் கம்பெனிகளில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுத் தூங்குகிறவர்களை எழுப்புவதும் சரியில்லை. அதனால் டவுனில் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம், நீங்களே நிரப்பி அனுப்பலாம். நைட் ஷிஃப்ட் போனவர்கள் வீட்டிலிருந்து கிளம்பியது முதல் திரும்பியது வரை ஒரே நாளாக எழுதுங்கள்.

பாலாற்றங்கரைக் கிராமங்களில் உட்கார்ந்து பேசித்தான் எழுதப்போகிறோம். "எத்தனை மணிக்கு?" என்பதைவிட "முதல் பஸ்ஸுக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று கேட்டால் பதில் சரியாக வருகிறது. கதவு எண்ணுக்குப் பதிலாகக் கோயில், ஏரி, தண்ணீர் டேங்க் என்று அடையாளம் சொன்னால் போதும். சந்தை நாளில் போக்குவரத்தே வேறு மாதிரி இருக்கும் என்பதால் அந்த நாளையும் தனியாகக் கேட்போம்.

முன்னோட்டமாகச் சில வீடுகளில் கேட்டுப் பார்த்தோம். ஓர் அம்மா, "நேத்து எங்கயும் போகல, வீட்லதான் இருந்தேன்" என்றார். ரேஷன் கடை? "அங்க போயிட்டு வந்தேன்." நூறு நாள் வேலை? "காலையில போனேனே." ஆடு? "ஏரிக்கரைக்கு ஓட்டிட்டுப் போனேன்." மூன்றும் நடை. மூன்றும் அவர் கணக்கில் பயணமே இல்லை!

தயவுசெய்து நடையையும் சொல்லுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்குப் போகும் தூரத்தையும் வாகனத்தையும் கேட்டார்கள். ஆனால் விவசாயிகள், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர் அந்த அட்டவணையில் இல்லை. நம் பிள்ளைகளின் தாய்மார்களில் எத்தனையோ பேர் வயலுக்குப் போய்வரும் தூரம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. வீட்டு ஆண்களே எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடாதீர்கள். அம்மா, பாட்டி, பிள்ளைகள் அவரவர் வாயால் சொல்லட்டும்.

கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமானது: போக வேண்டியிருந்தும் போகாமல் விட்ட இடம் எது? 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் தேவையான நேரத்தில் ஊருக்குள் பஸ் வராவிட்டால் அதனால் என்ன பயன்? மாலைச் சிறப்பு வகுப்பை விட்ட மகள், ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட்ட பாட்டி என எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

பெயர், போன் நம்பர், வருமானம் எதுவும் கேட்க மாட்டோம். ரேஷன் கார்டு, மகளிர் உரிமைத் தொகை, பஸ் பாஸ் எதற்கும் இதனால் பாதிப்பு வராது.

பிள்ளைகள் கணக்கு வகுப்பில் தொகுப்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைப்போம். கிராமங்களின் தேவையை அக்டோபர் 2 கிராம சபைகளில் மனுவாகக் கொடுக்கலாம். பஸ் நேரம் பற்றியதை டிப்போவுக்கும் எழுதுவேன்.

மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் வர மாட்டார்கள். அந்த நேரத்துக்குள் வீட்டில் இருக்க முடியாதவர்கள் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்