எங்க பாப்பாவுக்காக எங்களோட சேர்ந்து அழுத எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம், சபையில இருக்கிறவங்களுக்கு ஸ்தோத்திரம் (இந்த வார்த்தை இப்பதான் எனக்கு வாயில வர ஆரம்பிச்சிருக்கு). ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், உட்கார்ந்தாலே அழுகை முட்டிக்கிட்டு வருது, அதனால முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க பாப்பா குறைமாசத்துல பொறந்தா. என்ஐசியூல (பச்சை குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை வார்டு) வென்டிலேட்டர்ல இருந்து, கடைசியில என் நெஞ்சு மேலயே போயிட்டா. இதுக்கு மேல அதை எழுத என்னால முடியல.

முதல் நன்றி அந்த நர்ஸ் சிஸ்டருக்கு. ட்யூப் எல்லாம் எடுத்துட்டு, பாப்பாவை குளிப்பாட்டலாம் நீங்களும் வாங்கம்மான்னு கூப்பிட்டாங்க, நான் மாட்டவே மாட்டேன்னுட்டேன், அவசரமே இல்லம்மா நான் இங்கதான் இருப்பேன்னு சொல்லிட்டு அப்படியே நின்னாங்க. அப்புறம் ரெண்டு பேருமா குளிப்பாட்டினோம். பாதத்துல மை தடவி ஒரு அட்டையில பதிச்சு கொடுத்தாங்க, அன்னைக்கு அது எதுக்குன்னே புரியல, இன்னைக்கு எங்க கிட்ட இருக்கிற ஒரே சொத்து அதுதான். இன்னொண்ணும் சொல்லி அனுப்பினாங்க. குழந்தை இல்லங்கிறது உடம்புக்கு தெரியாதும்மா, பால் கட்டும், பயப்படாதீங்க, துணியால இறுக்கி கட்டாதீங்க, வலி தாங்கலைன்னா கொஞ்சமா மட்டும் பீச்சி விடுங்க, ஐஸ் ஒத்தடம் கொடுங்க, காய்ச்சல் அடிச்சா உடனே டாக்டர் கிட்ட வந்துடுங்கன்னு. இதை பத்தி வேற யாருமே வாயை திறக்க மாட்டேங்கிறாங்க! பால் ஊற ஆரம்பிச்ச அன்னைக்கு ராத்திரி, அவங்க முன்னாடியே சொல்லாம விட்டிருந்தா எனக்கு புத்தி பேதலிச்சிருக்கும்.

அடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. ஆறுதல் சொல்ல வந்தவங்க எல்லாம் நல்ல மனசோடதான் வந்தாங்க, இல்லன்னு சொல்லல, ஆனா "இப்பவே போனது நல்லது, வளர்ந்து போயிருந்தா இன்னும் கஷ்டம்", "வயசு இருக்கு, அடுத்தது பொறக்கும்", "ஆண்டவருக்கு ஒரு காரணம் இருக்கும்" இதெல்லாம் கேட்டு கேட்டு கதவை சாத்திக்கிற அளவுக்கு வந்துட்டேன். அக்கா வந்தாங்க, பக்கத்துல உட்கார்ந்தாங்க, ஒண்ணும் பேசல, மறுநாளும் அதே மாதிரி. அவங்களும் ஒரு குழந்தையை பறிகொடுத்தவங்கன்னு அதுவரைக்கும் எனக்கு தெரியாது. ஏன்க்கா எதுவுமே சொல்ல மாட்டேங்கிறீங்கன்னு கேட்டேன், அதுக்கு பைபிள்ல வர்ற யோபு கதையை சொன்னாங்க, பத்து பிள்ளைகளையும் இழந்த மனுஷன் கூட சிநேகிதர்கள் ஏழு நாள் ராத்திரி பகலா தரையில பேசாம உட்கார்ந்திருந்தாங்களாம், அது வரைக்கும் நல்லாதான் இருந்துச்சு, வாயை திறந்தாங்க கெடுத்தாங்கன்னாங்க. பாப்பா போனதுக்கப்புறம் நான் முதல் தடவை சிரிச்சது அதுக்குத்தான்.

பைபிளை நான் கையில எடுத்ததே அக்காவாலதான். ஆறுதல் வசனமா இருக்கும்னு நினைச்சு திறந்தா 88ம் சங்கீதம், கடைசி வரி வரைக்கும் ஒரே புலம்பல், ஒரு நல்ல வார்த்தை கிடையாது. இப்படி திட்டுறதை கூட வேதத்துல வச்சிருக்காங்கன்னா இந்த சாமி கிட்ட நானும் பேசலாம்னு தோணுச்சு. அதுக்கப்புறம் லாசரு கதை, யோவான் 11. செத்துப்போன லாசருவை எழுப்ப போறோம்னு இயேசுவுக்கு தெரியும், தெரிஞ்சும் கல்லறைக்கு போறதுக்கு முன்னாடி அழுறாரு. என் விசுவாசம்னு ஒண்ணு இருந்தா அது அங்கதான் ஆரம்பிச்சுது.

பாஸ்டர் ஐயா, உங்களை நான் ரொம்ப படுத்திட்டேன். என்ன பாவம் செஞ்சேன்னு கேட்டப்ப யோவான் 9ஐ திறந்து, பிறவிக் குருடன் ஒருத்தனை பத்தி இயேசு சொன்னதை, இவன் செய்த பாவமும் இல்ல பெத்தவங்க செஞ்ச பாவமும் இல்லன்னு காட்டுனீங்க. ஞானஸ்நானம் கொடுக்காத பிள்ளை எங்க போகும்னு சொந்தத்துல ஒருத்தர் என் முகத்துக்கு நேரா கேட்டாங்க, அந்த கேள்வி என்னை எத்தனை ராத்திரி தூங்க விடலன்னு எனக்குத்தான் தெரியும். நீங்க தாவீது ராஜா கதையை எடுத்தீங்க, ஏழாம் நாள் செத்துப்போன அவனோட குழந்தை, அது இனி என்கிட்ட வராது நான்தான் அது கிட்ட போவேன்னு அவன் சொன்னது, 2 சாமுவேல் 12. எங்க வீட்டுக்காரரோட கத்தோலிக்க நண்பரும் அவங்க சபையில 2007ல வந்த ஒரு அறிக்கையை பத்தி சொன்னார், ஞானஸ்நானம் இல்லாம இறந்த குழந்தைகளும் ரட்சிக்கப்படுவாங்கன்னு நம்ப நல்ல காரணம் இருக்குன்னு அதுல இருக்காம். அவருக்கும் நன்றி.

எங்க வீட்டுக்காரரை யாரும் கவனிக்கல, எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க. ஆம்பளை அழக்கூடாதுன்னு அவர் பல்லை கடிச்சுக்கிட்டு இருந்தார். புராட்டஸ்டன்ட் சபைகளுக்கு வழி திறந்த மார்ட்டின் லூத்தருக்கும் 1528ல எலிசபெத்னு கைக்குழந்தை இறந்துச்சு, ஒரு அப்பாவோட மனசு இவ்வளவு இளகும்னு நினைக்கவே இல்லன்னு அவர் கடுதாசி எழுதினார்னு ஐயா சொன்னதும் மனுஷன் தேம்பி தேம்பி அழுதுட்டார். அதுக்கு தனியா ஒரு நன்றி ஐயா.

ஏன் பாப்பா போனாங்கிற கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கல, கிடைச்சிடுச்சுன்னு பொய் சொல்லவும் மாட்டேன். ஆனா இப்ப ஜெபம் பண்றேன், பல நாள் அது சண்டையாதான் இருக்கு.

சாப்பாடு கொண்டு வந்தவங்க, லீவு கொடுத்த மேனேஜர், பாப்பா பேரை இன்னும் சொல்லி பேசுறவங்க, உங்க எல்லாருக்கும் நன்றி. அக்டோபர் 15ஐ குழந்தையை இழந்தவங்களுக்கான நினைவு நாளா பல நாடுகள்ல வச்சிருக்காங்க, அன்னைக்கு சாயங்காலம் நம்ம சபையிலயும் சின்னதா ஒரு ஜெபம் இருக்கு. யார் வேணும்னாலும் வரலாம், விசுவாசியா இருக்கணும்னு இல்ல, பேசணும்னும் இல்ல.