பத்தாண்டுக்கு ஒரு சோதனை, அறிக்கை எங்கே?

ஆசிரியருக்கு,

பழைய கூட்டுரிமைக் குடியிருப்புகளுக்கு (காண்டோமினியம்) கட்டாயக் கட்டமைப்புச் சோதனை வேண்டும், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தைப்போல நாமும் ஒரு சட்டம் போட வேண்டும் என்று அண்மையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கவலை நியாயமானது. ஆனால் அப்படி ஒரு சட்டம் இங்கே சிங்கப்பூரில் 1989ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. குடியிருப்புக் கட்டடம் என்றால் பத்தாண்டுக்கு ஒருமுறை; கடை, அலுவலகம், ஹோட்டல் போன்றவை என்றால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. தனி வீடுகள், வரிசை வீடுகள் போன்றவற்றுக்கு விலக்கு. கட்டட, கட்டுமான ஆணையத்திடமிருந்து நோட்டீஸ் வந்ததும் உரிமையாளர் தரப்பு ஒரு கட்டமைப்புப் பொறியாளரை நியமித்து, சோதனை செய்யவைத்து, அறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும். அந்தப் பொறியாளருக்கு அந்தக் கட்டடத்தில் தொழில் வகையிலோ பண வகையிலோ எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது.

தானும் பல காலமாகக் கூட்டுரிமை வீட்டில்தான் இருப்பதாக அந்த வாசகர் குறிப்பிட்டிருந்தார். அப்படிப்பட்டவருக்கே இப்படி ஒரு சோதனை நடப்பது தெரியவில்லை என்றால், குறை அவரிடம் இல்லை. நான் எழுத வந்ததும் அதைப் பற்றித்தான்.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பது சிராங்கூன் சாலைப் பக்கம் புழங்கிய பழைய ஆட்களுக்கு மறந்திருக்காது. 1986 மார்ச் 15, ஒரு சனிக்கிழமை முற்பகல். சிராங்கூன் சாலையும் ஓவன் ரோடும் சந்திக்கும் இடத்தில், பெருமாள் கோயிலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்த ஆறு மாடி லியான் யாக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. ஹோட்டல் நியூ வோர்ல்ட் என்றால்தான் பலருக்குத் தெரியும். 33 பேர் இறந்தார்கள். 17 பேரை உயிரோடு மீட்டார்கள். எம்ஆர்டி ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டு நிபுணர்களும் வந்து துளை போட்டு உதவினார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் வடிவமைத்திருக்கிறார்கள் என்பது விசாரணையில் தெரியவந்தது. கட்டி முடித்துப் பதினைந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. “பழைய கட்டடம்தான் ஆபத்து, எங்களுடையது புதுசு” என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

சரி, சோதனை எப்படித்தான் நடக்கிறது? கிழக்கு வட்டாரத்தில், எண்பதுகளில் கட்டிய ஒரு குடியிருப்பில் நாங்கள் இருக்கிறோம். கடந்த முறை சோதனை வந்தபோது மின்தூக்கிக்குப் பக்கத்திலுள்ள அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். கொசுப்புகை அடிக்கும் நேரம், தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள் இவற்றுக்கு நடுவே, ‘பொறியாளர் வருகிறார், வீட்டுக்குள் வந்து பார்க்க அனுமதியுங்கள்’ என்று ஆங்கிலத்தில் நான்கு வரி. வந்தவர் கையில் ஒரு டார்ச், ஒரு சின்னச் சுத்தியல். கூட வந்த இளைஞர் படம் எடுத்தார். பொறியாளர் குளியலறை உத்தரத்தில் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். சமையலறையில் நாங்கள் போட்டிருந்த ஃபால்ஸ் சீலிங்கைப் பார்த்து, “திறக்க வழி இருக்கிறதா?” என்றார். விளக்குப் பொருத்திய இடத்தில் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டினோம். தலையை நுழைத்துப் பார்த்தார். ஸ்டோர் ரூமில் சுவரோடு சேர்த்து அடித்த அலமாரியை என்ன செய்ய முடியும்? அதைப் பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். எதிர்வீட்டில் உரிமையாளர் வெளிநாட்டில். வாடகைக்கு இருப்பவர் கதவையே திறக்கவில்லை.

முதல் கட்டம் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான், கண்ணால் பார்ப்பது. சந்தேகம் வந்தால்தான் பொறியாளர் இரண்டாம் கட்டத்துக்குப் பரிந்துரைப்பார். காங்கிரீட்டிலிருந்து மாதிரி எடுப்பது, எடை தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது எல்லாம் அப்போதுதான். ஆகவே முதல் கட்டத்தில் அவர் கண்ணுக்கு எது படுகிறது, எது படவில்லை என்பது பெரிய விஷயம். நம் ஆட்கள் வீடு வாங்கியதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் மூடி அழகுபடுத்திவிடுகிறார்கள்.

எங்கள் இடத்தில் உண்மையில் பார்க்க வேண்டியது வீட்டுக்குள் இல்லை, கீழே இருக்கிறது. அடித்தளக் கார் நிறுத்துமிடத்துக்கு நேர்மேலேதான் நீச்சல்குளமும் அதைச் சுற்றிய தளமும். ஒரு மூலையில் பல காலமாகத் தண்ணீர் சொட்டுகிறது. வெறும் தண்ணீர் இல்லை, சுண்ணாம்பு கலந்தது; கார்மேல் விழுந்தால் சாயம் போய்விடும். வெள்ளை வெள்ளையாக விழுதுகூட இறங்கியிருக்கிறது. இதற்கு நிர்வாகம் செய்த வைத்தியம், சொட்டும் இடத்துக்குக் கீழே ஒரு தகரத் தட்டைத் தொங்கவிட்டு, பிளாஸ்டிக் குழாய் வைத்துச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டது. கார்கள் தப்பின. மேலே காங்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி என்ன ஆகிறது என்பதை அந்தத் தட்டு மறைத்துக்கொண்டிருக்கிறது. கம்பி துருப்பிடித்தால் ஊதும். ஊதினால் மேலே உள்ள காரையைத் தள்ளிப் பெயர்க்கும். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குளியலறைக் கூரை உதிர்ந்து பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொறியாளர் அந்த மூலையில் வெகுநேரம் நின்று படம் எடுத்தார்.

அப்புறம் ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்தது. வழக்கம்போல ஆள் போதவில்லை. அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, வந்தவர்களை வைத்தே தொடங்கினார்கள். சோதனையைப் பற்றி நிர்வாக முகவர் சொன்னது ஒரே வாக்கியம்: “முடிந்தது, ஆணையத்துக்கு அனுப்பிவிட்டோம்.” அடுத்து, வெளிச்சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்ற விவாதம். சாம்பல் நிறமா, வெண்சந்தன நிறமா என்பதில் ஒரு மணி நேரம் போனது.

கேட்டால் பார்க்கலாம் என்பது உண்மைதான். உரிமையாளர்கள் எல்லாரும் அடங்கிய நிர்வாகக் கழகத்தின் ஆவணங்களைக் கட்டணம் கட்டிப் பார்க்க உரிமையாளருக்குச் சட்டப்படி உரிமை உண்டு; வீடு வாங்க வருகிறவருக்கும் உண்டு. நான் எழுதிக் கொடுத்து, பணம் கட்டிப் பார்த்தேன். கட்டடத்துக்கு உடனடி அபாயம் எதுவும் இல்லை என்றிருந்தது. கார் நிறுத்துமிடக் கூரையில் கசிவை மேலிருந்து அடைத்து, பெயர்ந்த காரையைச் செப்பனிட வேண்டும் என்றும் இருந்தது. அவ்வளவுதான். பயப்பட ஒன்றுமில்லாத, ஆனால் தள்ளிப்போடவும் கூடாத செய்தி. இதை உரிமையாளர்களிடம் சொல்வதில் என்ன தடை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இல்லை, கொஞ்சம் விளங்குகிறது. ஒன்று, விலை. அறிக்கையில் ‘கசிவு’ என்று ஒரு வார்த்தை இருந்தால் வீடு வாங்க வருகிறவர் பேரம் பேசுவார் என்ற பயம். இன்னொன்று, கூட்டு விற்பனை ஆசை. பத்தாண்டு தாண்டிய கட்டடத்தில், பங்கு மதிப்பிலும் பரப்பளவிலும் 80 விழுக்காடு வைத்திருக்கும் உரிமையாளர்கள் சம்மதித்தால் மொத்தமாக விற்றுவிடலாம். “எப்படியும் கூட்டு விற்பனை வரும், இடிக்கப்போகிற கட்டடத்துக்கு எதற்கு இத்தனை ஆயிரம்?” என்று எங்கள் குடியிருப்பில் கேட்காத கூட்டம் கிடையாது. ஒருமுறை முயன்று தோற்றுப்போனோம். மறுபடி ‘வரும், வரும்’ என்கிறார்கள். இதற்கிடையில் சிங்கிங் ஃபண்டுக்கு (பெரிய பழுதுகளுக்கான சேமநிதி) மாதாமாதம் கட்டுவதை ஏற்ற வேண்டும் என்று யாராவது வாயைத் திறந்தால், அடுத்த ஆண்டு அவர் நிர்வாகக் குழுவில் இருக்கமாட்டார்.

இப்போது ஃபுளோரிடாவுக்கு வருகிறேன். 2021 ஜூன் 24 அதிகாலை, சர்ஃப்சைடில் சாம்ப்ளேன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து 98 பேர் இறந்தார்கள். 1981இல் கட்டியது. அங்கும் சோதனைச் சட்டம் இல்லாமல் இல்லை; நாற்பதாம் ஆண்டுச் சோதனைக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. அதைவிட முக்கியம், 2018இலேயே ஒரு பொறியாளர் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தார்: நீச்சல்குளத் தளம் சரிவில்லாமல் தட்டையாக இருப்பதால் தண்ணீர் வடிவதில்லை, நீர்த்தடுப்பு கெட்டுப்போய்விட்டது, கீழே உள்ள காங்கிரீட்டுக்குப் பெரிய சேதம் என்று. அடுத்த ஆண்டு நிர்வாகக் குழுவில் பெரும்பாலோர் விலகினார்கள். பழுதுபார்க்க ஏறக்குறைய 15 மில்லியன் அமெரிக்க டாலர் வேண்டும், யார் எவ்வளவு கட்டுவது என்ற இழுபறியிலேயே காலம் போனது. எங்கள் தகரத் தட்டும் அந்தத் தளமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அது நாற்பதாண்டு அட்லாண்டிக் கடலோரத்தில் நின்ற கட்டடம், வடிவமைப்பும் வேறு.

2022இல் ஃபுளோரிடா போட்ட சட்டத்தில் எல்லாரும் பேசுவது ஆண்டுக்கணக்கைத்தான்: மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள கூட்டுரிமைக் கட்டடம் 30 ஆண்டைத் தொட்டதும் சோதனை, பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை. அந்த விஷயத்தில் நாம் அவர்களுக்கு வெகுகாலம் முந்தியவர்கள். நான் பொறாமைப்படுவது அதில் இருக்கும் வேறொரு விதியைப் பார்த்து. சோதனை செய்தவர் அறிக்கையின் சுருக்கத்தை எழுதித் தர வேண்டும். உரிமையாளர் சங்கம் அதை ஒவ்வொரு வீட்டு உரிமையாளருக்கும் அனுப்ப வேண்டும். கட்டடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டவும் வேண்டும். கேட்பவருக்கு மட்டும் அல்ல, எல்லாருக்கும்.

நம் ஆணையத்திடம் நான் கேட்பதும் அதுதான். முழு அறிக்கை வேண்டாம். அதில் பாதி பொறியாளர்களுக்கே புரிகிற பாஷை. ஒரு பக்கம் போதும். எவை பார்க்கப்பட்டன, எத்தனை வீடுகளுக்குள் போக முடியவில்லை, எதை எப்போதுக்குள் சரிசெய்ய வேண்டும். வெளிச்சுவர்ச் சோதனைக்கும் இதே ஏற்பாடு இருக்கட்டும். 2022 முதல், 20 ஆண்டு தாண்டிய, 13 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடங்களுக்கு ஏழாண்டுக்கு ஒருமுறை அது நடக்கிறது. அங்கே சட்டம் கட்டடத்தின் வயதைப் பார்க்கிறது. கட்டமைப்புச் சோதனையில் மட்டும் பத்து வயதுக் கட்டடத்துக்கும் நாற்பது வயதுக் கட்டடத்துக்கும் ஒரே இடைவெளி. அதையும் குறைக்கலாம்தான். ஆனால் சோதனையை இரட்டிப்பாக்கி, அறிக்கையைக் கோப்பில் போட்டு மூடினால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

சட்டம் மாறும்வரை உட்கார்ந்திருக்கவும் தேவையில்லை. வாக்குரிமை உள்ள எந்த உரிமையாளரும் செயலாளருக்கு எழுதிக் கொடுத்தால், அதைத் தீர்மானமாகப் பொதுக்கூட்ட நிகழ்ச்சிநிரலில் சேர்த்தாக வேண்டும். ‘ஒவ்வொரு சோதனை அறிக்கையின் சுருக்கமும் எல்லா வீடுகளுக்கும் அனுப்பப்படும், அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்’ என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கார் நிறுத்துமிடக் கசிவை மேலிருந்து சரிசெய்ய விலைப்புள்ளி வாங்க வேண்டும் என்பது இரண்டாவது தீர்மானம். நிறம் பற்றிய விவாதத்துக்கு முன்னால் இரண்டையும் எடுக்கும்படி கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கிழக்கு வட்டாரம், சிங்கப்பூர்