நீ படுக்கும் பெஞ்ச்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று சாயங்காலம் ஜிம்மில் நீ பெஞ்ச் பிரஸ் செய்துகொண்டிருந்தாய், அதாவது பெஞ்சில் படுத்து எடைக் கம்பியை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பயிற்சி. கரண்ட் போனபோது அந்தக் கம்பி உன் நெஞ்சின் மேல் கிடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. நாங்கள் இரண்டு பேர் இருட்டில் தடவித் தடவி வந்து தூக்குவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. ரங்கூனில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? தனியாக இருக்கும்போது கனமான எடை வேண்டாம். தலைமாட்டில் ஒருவர் நிற்கட்டும். ஆள் இல்லாத நாளில் கம்பியின் முனைகளில், பிளேட்டுகள் எனும் எடைத் தட்டுகளை நழுவாமல் பிடிக்கும் கிளிப்பை மாட்டாதே. மேலே தள்ள முடியாமல் போனால், ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டுகளை நழுவ விட்டுத் தப்பிக்கலாம்.

இன்னொன்றும் பார்த்தேன். உன் கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் இருந்தது. கம்பி உருண்டால் நேராகக் கழுத்திலோ நெஞ்சிலோதான் விழும். கட்டைவிரலால் கம்பியைச் சுற்றிப் பிடி. மணிக்கட்டு பின்னால் மடங்கக் கூடாது. கம்பி உள்ளங்கையின் அடிப்பகுதியில், முன்கை எலும்புக்கு நேர் மேலே உட்கார வேண்டும்.

சரி, தூக்கும் முறைக்கு வருகிறேன். நீ பயின்னவுங் சந்தையில் பருப்பு மூட்டை சுமக்கிறவன். மூட்டையை வாங்குவதற்கு முன் காலை ஊன்றி முதுகை இறுக்கிக்கொள்வாய் அல்லவா? இங்கேயும் அதேதான். பெஞ்ச் பிரஸ் நெஞ்சுக்கான பயிற்சிதான், ஆனால் அது முதுகில் தொடங்குகிறது. படுத்ததும் இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னுக்கு இழுத்து நெருக்கி, இடுப்புப் பக்கமாக இறக்கி, பெஞ்சில் அழுத்து. பாதம் முழுவதும் தரையில் இருக்கட்டும், புட்டம் பெஞ்சை விட்டு எழவே கூடாது. நீ ஒவ்வொரு முறையும் மேலே தள்ளி முடிக்கும்போது தோள்களையும் சேர்த்து நீட்டுகிறாய். அந்த இடத்தில்தான் பிடிப்பு கழன்றுபோகிறது.

முழங்கையை உடம்புக்கு நேர்குறுக்காக விரித்து வைக்காதே. நான் மூன்று வருடம் அப்படித்தான் தூக்கினேன். வலது தோள் போனது. பல மாதங்கள் சட்டை மாட்டக்கூட அம்மா கை கொடுக்க வேண்டியிருந்தது. அப்படி விரித்துத் தூக்கும்போது பாரம் நெஞ்சை விட்டுத் தோள் மூட்டில் ஏறுகிறது. விலாவுக்கும் மேற்கைக்கும் நடுவே 45 முதல் 70 டிகிரி இருந்தால் போதும். அப்படி இறக்கினால் கம்பி நெஞ்சின் கீழ்ப்பகுதியில் வந்து தொடும். அங்கிருந்து நேர் மேலே போகாமல், கொஞ்சம் தலைப்பக்கமாகச் சாய்ந்து ஏறித் தோளுக்கு மேலே வந்து நிற்க வேண்டும். மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு இறக்கு. தள்ளுவதில் கடினமான இடத்தைத் தாண்டிய பிறகு விடு.

நெஞ்சில் மோத விட்டு எகிறும் பழக்கத்தை விட்டுவிடு. பவர்லிஃப்டிங் போட்டியில் கம்பி நெஞ்சின் மேல் அசையாமல் நின்ற பிறகுதான் நடுவர் 'பிரஸ்' என்று சொல்வார். நீயும் ஒரு நொடி நிறுத்திப் பார். இப்போது போடும் எடையில் பாதிதான் உன்னுடையது என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெறும் கம்பியே 20 கிலோ, நம் ரங்கூன் சந்தைக் கணக்கில் 12 வீசைக்கு மேல். இரண்டு வாரம் அதை மட்டும் தூக்கு.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு வருகிறேன். உன் தலைமாட்டில் நான் நிற்கிறேன். வரும்போது டார்ச் ஒன்று எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
அண்ணன்