கவின் உயரம் பற்றி

அன்பு மகள் கௌரிக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பிரேயரில் கவின்தான் எப்போதும் முதல் ஆளாக நிற்கிறான், கீழ் வீட்டுப் பையன் ஒரு வயசு சின்னவன், அவன்கூட இவனைத் தாண்டிவிட்டான் என்று அழுதாய். இப்போது 117 செ.மீ. என்றாய். போன வருஷம் எவ்வளவு என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்றாய். எனக்கு வேண்டியது அந்தக் கணக்குதான். அங்கன்வாடியில் இத்தனை வருஷம் பிள்ளைகளை அளந்தவள் சொல்கிறேன், ஒரு தடவை அளந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வருஷத்துக்கு எவ்வளவு கூடுகிறான் என்பதுதான் பேச்சு. இந்த வயசில் வருஷத்துக்கு 5, 6 செ.மீ. ஏறினால் சரி. நாலுக்கும் கீழே போனால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஸ்கூல் ஹெல்த் கார்டில் பழைய அளவு இருக்கும், தேடு. இனிமேல் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நீயே அள. செருப்பில்லாமல், குதிகாலும் முதுகும் சுவரில் பட, நேராகப் பார்க்கச் சொல்லி, தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகத்தை மட்டமாக வைத்துக் கோடு போடு. எப்போதும் காலையிலேயே அள. சாயங்காலத்துக்குள் ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதே.

அப்புறம், யார் பிள்ளை அவன்? மாப்பிள்ளை 165, நீ 152. பையன் என்றால் இரண்டையும் கூட்டி, 13 சேர்த்து, பாதியாக்க வேண்டும். வளர்ந்து முடிந்தபின் அவன் உயரம் சுமார் 165 செ.மீ. என்று வருகிறது. முன்னே பின்னே எட்டு சென்டிமீட்டர் போகலாம். கீழ் வீட்டுக்காரர் ஆறடி, அவர் பிள்ளையோடு இவனை நிறுத்திப் பார்ப்பது என்ன நியாயம்? மாப்பிள்ளையும் பத்தாம் வகுப்பு வரை முதல் பெஞ்சுதானாம், மீசை முளைத்ததே காலேஜில்தான் என்று சம்பந்தியம்மா சிரிப்பார்கள். தாமதமாக வளர்வது சில குடும்பங்களில் அப்படியே இறங்கி வரும்.

அதற்காகச் சும்மா இரு என்று சொல்லவில்லை. கணக்கு குறைந்தால் தள்ளிப்போடாதே. இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்புக்கு எத்தனை வயசு என்று பார்ப்பார்கள். தைராய்டுக்கு ரத்தம் எடுப்பார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாமல் வளர்ச்சி நின்ற பிள்ளைகளும் உண்டு. வளர்ச்சி ஹார்மோன் குறைவு என்றால் பெரும்பாலும் தினமும் ஊசி, வருஷக்கணக்கில். செலவும் கூட. ஆனால் எலும்பு நுனியில் வளரும் பகுதி மூடுவதற்குள் போட்டால்தான் பலன், அதனால் பயந்து காலம் கடத்தக் கூடாது.

உயரம் கூடும் என்று பாலில் கலந்து கொடுக்கிறாயே, அந்தப் பவுடர் டப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பட்டியலில் வைத்து விற்காதீர்கள் என்று 2024-ல் மத்திய அரசே ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. சத்துக் குறைவாக இருந்தால் முட்டை, பருப்பு, பால் கொடு. கம்பியில் தொங்கவிட்டால் உயரம் வராது, கை வலிதான் வரும். அவனுக்கே தொங்கப் பிடித்தால் தொங்கட்டும்.

இன்னொன்று. அவன் காதுபட "குள்ளம்" என்று யார் சொன்னாலும், உன் மாமியார் சொன்னாலும் சரி, அங்கேயே நிறுத்து. போன தடவை வந்தபோது போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் நாற்காலியில் ஏறி நின்றான். எல்லாரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய அளவு கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. முருங்கைக்கீரைப் பொடி பார்சலில் வருகிறது. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளத்தான். வளர்வதற்கு என்று சொல்லி ஊட்டாதே, அப்புறம் அதையும் தொடமாட்டான்.

அன்புடன்,
அம்மா