கால்குலஸுக்கு முன்னால் படிக்க வேண்டிய புத்தகம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து பிளஸ் ஒன்னில் கணிதப் பிரிவு கிடைத்ததும் பெற்றோர் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "டீச்சர், கால்குலஸ் ரொம்பக் கஷ்டமாமே, லீவிலேயே படிக்க எந்த புக் வாங்கலாம்?" என்பதுதான். போன வாரம் ஒரு அப்பா கேட்காமலே ஜேஇஇ நுழைவுத் தேர்வுப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தலையணை கனம், திறந்ததுமே சூத்திரப் பட்டியல், எல்லை (லிமிட்) என்றால் என்ன என்று ஒரு வரி கிடையாது. பையன் பத்துப் பக்கம் புரட்டிவிட்டு மூடிவிட்டான். அவன்மேல் தப்பில்லை.

முதலில் வேண்டியது நம் பாடநூல் கழகத்தின் பதினோராம் வகுப்புக் கணிதம், அதுவும் முதல் தொகுதி. கால்குலஸ், அதாவது நுண்கணிதம், இரண்டாம் தொகுதியில்தானே 9, 10, 11-ஆம் பாடங்களாக வருகிறது என்பீர்கள். சரிதான், ஆனால் நான் பார்த்தவரை பிள்ளைகள் தடுமாறுவது அதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியதில். சைன் ஸ்கொயர் எக்ஸைத் தொகையிட (இன்டக்ரேட் செய்ய) சொன்னால், 1-லிருந்து காஸ் 2எக்ஸைக் கழித்து 2-ஆல் வகுத்தது என்று மாற்றிவிட்டால் மீதி இரண்டே வரி, அந்த மாற்றம் தோன்றாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சூத்திரம் முதல் தொகுதி முக்கோணவியலில் இருக்கிறது. சார்புகளும் (ஃபங்ஷன்) அதே புத்தகத்தில்தான், முதல் பாடம். விடுமுறைக்கு இந்த இரண்டும் போதும்.

அப்புறம் இன்னொரு புத்தகமும் வேண்டும் என்றால், கடையிலேயே எல்லைகள் பாடத்தைத் திறந்து பாருங்கள். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4-ஐ எக்ஸ் மைனஸ் 2-ஆல் வகுக்கிற கணக்கில், எக்ஸுக்கு 2 போட்டால் மேலும் கீழும் பூஜ்யம், விடை இல்லை. ஆனால் 1.9 போட்டால் 3.9, 1.99 போட்டால் 3.99, அந்தப் பக்கமிருந்து 2.01 போட்டால் 4.01. இரண்டு பக்கமும் 4-ஐ நெருங்குவதைப் பிள்ளை தானே போட்டுப் பார்க்கும்படி அட்டவணையும் வரைபடமும் கொடுத்திருந்தால் தைரியமாக வாங்கலாம். நேரே சூத்திரத்துக்குப் போகிற புத்தகம் திருப்புதலுக்கு ஆகும், தொடங்குவதற்கு ஆகாது.

பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ்வழிப் பிள்ளைகள் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும், வகைக்கெழுவும் டெரிவேட்டிவும் ஒன்றுதான் என்று இப்போதே பழகிவிட்டால் கல்லூரியில் திணற வேண்டியதில்லை.

அந்தப் பையன் இப்போது கிராஃப் தாளில் சைன் வளைவு வரைந்துகொண்டிருக்கிறான். நேற்று, "இது மேலே போய்த் திரும்புற இடத்தில் சாய்வு என்ன ஆகும் மிஸ்?" என்று அவனாகவே கேட்டான்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
கோவில்பட்டி