சத்தம் பெரிதாக இருந்தால் மட்டும் போதுமா? அலாரம் வாங்குவோருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

"இருப்பதிலேயே பெரிய சத்தம் போடும் அலாரம் எது?" எங்களிடம் வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். உடனே ஒன்றை எடுத்துக் கொடுக்காமல் நாங்கள் திருப்பி இரண்டு கேள்விகள் கேட்கிறோம். இப்போது வைத்திருக்கும் அலாரம் உங்கள் காதில் விழுகிறதா? விழுகிறது என்றால், அதை அணைத்தது காலையில் நினைவிருக்கிறதா? பொருள் வாங்க வந்த இடத்தில் ஏன் இவ்வளவு விசாரணை என்று சிலருக்குத் தோன்றுவது நியாயம்தான். ஆனால் நீங்கள் சொல்லும் பதிலை வைத்துத்தான் எந்தக் கருவி உங்களுக்குப் பயன்படும், எது ஒரு வாரத்தில் அலமாரிக்குள் போய்விடும் என்று எங்களால் சொல்ல முடியும். அதை விளக்கத்தான் இந்த மடல்.

அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே வகையல்ல. சிலருக்கு அலாரம் கேட்பதே இல்லை. அடுத்த அறையில் இருப்பவர் எழுந்து வந்து கதவைத் தட்டுவார், இவர் அசைய மாட்டார். வேறு சிலருக்கு நன்றாகவே கேட்கும். கை தானாக நீண்டு அலாரத்தை அணைத்துவிடும், மீண்டும் தூங்கிவிடுவார்கள், எழுந்த பிறகு "அலாரம் அடிக்கவே இல்லையே" என்பார்கள். நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்வது எளிது. தாமதமாக எழுந்த அன்று அலாரத்தைப் பாருங்கள். அடித்து அடித்துத் தானாக ஓய்ந்திருந்தால் முதல் வகை. பொத்தான் அழுத்தி அணைக்கப்பட்டிருந்தால் இரண்டாம் வகை. எங்களிடம் வருபவர்களில் இரண்டாம் வகையினரே அதிகம். அவர்களுக்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுப்பதால் வீட்டில் உள்ள மற்றவர்களின் தூக்கம்தான் கெடும்.

முதல் வகையினருக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இது சோம்பேறித்தனம் அல்ல. தூங்கும்போது காதுக்கு வரும் ஒலி மூளையின் தலாமஸ் என்ற பகுதி வழியாகத்தான் மேலே போக வேண்டும். தூக்கத்தில் தலாமஸும் மூளையின் மேற்பகுதியும் சேர்ந்து எழுப்பும் சிறு மின் அலைக் கொத்துகள் வெளி ஒலிகளை மறிக்க உதவுகின்றன என்று கருதப்படுகிறது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த அலைக் கொத்துகள் அதிகம் உள்ளவர்கள் அதிகச் சத்தத்தையும் தாங்கித் தூங்குவது தெரியவந்தது. ஆளுக்கு ஆள் இது மாறும். ஆகவே வீட்டில் 'கும்பகர்ணன்' என்று பெயர் வாங்கியவர்கள் அதற்காகக் குன்றிப் போக வேண்டியதில்லை.

எந்த நேரத்தில் அலாரம் அடிக்கிறது என்பதும் முக்கியம். ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். அதில் வரும் ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே வந்துவிடுகிறது. இரவு 2 மணிக்குப் படுத்துவிட்டு 5 மணிக்கு அலாரம் வைப்பவர், எழுப்புவதற்கு மிகக் கடினமான நேரத்துக்குப் பக்கத்திலேயே அலாரத்தை வைக்கிறார். பல நாள் தூக்கம் பாக்கியிருந்தால் ஆழ்ந்த தூக்கம் இன்னும் கூடும். இந்த நிலையில் எந்தக் கருவியும் அரைகுறையாகத்தான் உதவும்.

அடுத்து, சத்தத்தின் அளவைப் போலவே அதன் சுருதியும் கணக்கில் வரும். இது பலருக்குத் தெரியாத செய்தி. தூங்குகிறவர்களை எந்த ஒலி எழுப்பும் என்று அதிகம் ஆராய்ந்தவர்கள் தீ எச்சரிக்கைக் கருவிகள் பற்றி ஆய்வு செய்தவர்கள். வழக்கமான புகை அலாரம் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் (ஹெர்ட்ஸ் என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் கீச்சும் கூடும்) கீச்சென்று கத்தும். 520 ஹெர்ட்ஸ் அளவில், பல மேற்சுரங்கள் கலந்து வரும் கட்டையான ஒலி அதைவிட நன்றாக எழுப்புகிறது என்று அந்த ஆய்வுகள் காட்டின. குழந்தைகள், காது சற்று மந்தமானவர்கள், மது அருந்தியவர்கள் விஷயத்தில் இந்த வேறுபாடு தெளிவாகவே இருந்தது. வயது ஏற ஏற முதலில் மங்குவது கீச்சுக்குரல் கேட்கும் திறன்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதனால் அலாரம் வாங்கும்போது கீச்சொலி மட்டும் உள்ளதை விட்டுவிட்டு, சுருதியை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளதை எடுங்கள்.

இங்கே ஒரு விஷயம். அலாரமே காதில் விழாதவர் வீட்டில் புகை அலாரம் அடித்தாலும் எழாமல் போகலாம். தீ எச்சரிக்கைக் கருவிகளுக்கான அமெரிக்காவின் என்எஃப்பிஏ 72 விதித்தொகுப்பு, விடுதிகள் போன்ற இடங்களில் மக்கள் தூங்கும் அறைகளுக்கு 520 ஹெர்ட்ஸ் ஒலியை 2014 முதல் கட்டாயமாக்கியது. காலையில் தாமதமாவதைவிட இது பெரிய விஷயம். நீங்கள் முதல் வகை என்று தெரிந்தால், கட்டாயம் எழக்கூடிய ஒருவர் வீட்டில் இருக்கிறாரா, புகை அலாரம் எப்படிப்பட்டது என்பதையும் தயவுசெய்து பார்த்துவிடுங்கள்.

சத்தத்துக்கு வருவோம். 113 டெசிபல் என்று அட்டையிலேயே போட்டு வரும் மாடல்கள் உண்டு. பணியிடங்களில் காதைக் காப்பதற்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் கணக்கில் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம் அனுமதி. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 112 டெசிபலுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம்கூட இல்லை. தூரம் பாதியாகும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் கூடுவதால், தலையணைக்குப் பக்கத்தில் வைத்தால் காது வாங்கும் அடி இன்னும் அதிகம். இந்த மாதிரி அலாரத்தை ஒரு கை தூரத்துக்கு அப்பால்தான் வைக்க வேண்டும். கைக்குழந்தை தூங்கும் அறைக்கு வேண்டாம் என்று நாங்கள் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம்.

உண்மையில் முதல் வகையினருக்கு எங்கள் தேர்வு, அதிர்வு வில்லை இணைத்த அலாரம். காது கேளாதவர்களுக்காக வந்த பொருள் இது. உள்ளங்கை அகலத்தில் தட்டையாக ஒரு வட்டு, அதிலிருந்து ஒரு வயர், மறுமுனை கடிகாரத்தின் பின்பக்கம். வட்டுக்குள் சிறு மோட்டார் ஒன்று சமநிலை இல்லாத எடையைச் சுழற்றுகிறது. குறித்த நேரத்தில் விட்டு விட்டு அதிரும். எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மெல்லிய மெத்தை என்றால் அடியில், இடுப்போ தோளோ வரும் இடத்தில் வைக்கலாம். தடித்த ஃபோம் மெத்தைக்கு அடியில் வைத்தால் மெத்தை அதிர்வைக் குடித்துவிடும், மேலே ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் வட்டைத் தலையணை உறைக்குள் போட்டுக்கொள்வது நல்லது. உறைக்குள் போட்டால் இரவில் புரளும்போது நழுவாது, வயர் கழுத்துப் பக்கம் வராதபடி கட்டில் தலைப்புறமாக எடுத்துவிடுங்கள். பக்கத்தில் படுப்பவருக்கு முற்றிலும் தெரியாமல் இருக்காது, ஆனால் மணியோசையைப் போல வீடு முழுவதையும் எழுப்பாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பல மாடல்களில் உள்ளே இருக்கும் பேட்டரி நேரத்தைக் காப்பதற்கு மட்டுமே, மின்சாரம் போனால் வட்டு அதிராது. மறுநாள் தேர்வோ பயணமோ இருந்தால் செல்போனிலும் ஓர் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாம் வகையினர். விழித்த உடனே மூளை முழுதாக விழிப்பதில்லை. தூக்கக் கலக்கம் என்று நாம் சொல்வது உண்மையான உடல்நிலை. பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் தெளியும், தூக்கம் பாக்கி இருப்பவர்களுக்கு இன்னும் நீளும். யோசித்து முடிவெடுக்க உதவும் நெற்றிப்புற மூளை கடைசியாகத்தான் சுதாரிக்கிறது. இரவில் 'நாளை கட்டாயம் எழுவேன்' என்று நினைத்தவரும், அதிகாலையில் பொத்தானை அழுத்துகிறவரும் ஒரே தெளிவில் இல்லை. அதனால் இவர்களுக்கான அலாரம் அந்த நேரத்தில் எந்த முடிவையும் அவர்களிடம் விடக்கூடாது. காலைத் தரையில் ஊன்ற வைத்தாக வேண்டும், அவ்வளவுதான்.

கடிகாரங்கள் எல்லார் கைக்கும் எட்டாத காலத்தில் பிரிட்டனின் தொழில் நகரங்களில் நீண்ட கழியால் சன்னலைத் தட்டி எழுப்பிவிடுவதையே தொழிலாகச் செய்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர், உள்ளே இருப்பவர் எழுந்துவிட்டார் என்று உறுதியாகும் வரை நகர மாட்டார்களாம். பின்னால் வந்த கடிகாரங்களில் இந்த உறுதிப்படுத்தும் வேலை விடுபட்டுப் போனது. இப்போதைய நல்ல கருவிகள் அதைத்தான் திரும்பக் கொண்டுவருகின்றன.

இவற்றில் பெயர் பெற்றது ஓடும் அலாரம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோது கௌரி நந்தா உருவாக்கிய 'க்ளாக்கி' இது, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் படைப்புகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசை 2005-இல் பொருளாதாரப் பிரிவில் பெற்றது. இரண்டு பக்கமும் பெரிய சக்கரங்கள், நடுவில் கடிகாரம். அலாரம் அடித்ததும் மேசையிலிருந்து குதித்து, திசை மாற்றி மாற்றி உருண்டு ஓடும். எழுந்து துரத்திப் பிடித்தால்தான் நிறுத்த முடியும். 3 அடி உயரத்திலிருந்து குதிப்பதைத் தாங்கும், அதற்கு மேல் வைக்காதீர்கள். வாங்குமுன் உங்கள் அறையை ஒருமுறை பாருங்கள். கட்டிலுக்கு அடியில் இடைவெளி இருந்து, அதில் பெட்டியும் சாமான்களும் அடைத்து வைத்திருந்தால் அது அங்கேதான் போய்ச் சிக்கிக்கொள்ளும். குனிந்து கைவிட்டு எடுப்பதற்குள் உங்களுக்குத் தூக்கம் போய்விடும் என்பது உண்மை. ஆனால் முதுகுவலி உள்ளவர்களுக்கு இது ஆகாது. தடித்த கம்பளம் விரித்த அறையிலும் சரியாக ஓடாது.

எங்களைக் கேட்டால், ஓடுவதைவிடக் கால்மிதி அலாரம் மேல். அதன்மேல் முழு எடையும் பட, சில விநாடிகள் நின்றால்தான் சத்தம் அடங்கும். பெரியவர்களுக்கும் பொருந்தும், தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் கட்டிலை ஒட்டிப் போடாதீர்கள். உட்கார்ந்தபடியே இரு காலையும் அழுத்தி அணைத்துவிட்டுச் சாய்ந்துகொள்ளும் வித்தையை உடம்பு சீக்கிரம் கற்றுக்கொள்ளும். நான்கைந்து அடி தள்ளிப் போடுங்கள், முடிந்தால் குளியலறை வாசலில். கணக்குப் போட்டால் நிற்கும் அலாரங்களை நாங்கள் அதிகம் பரிந்துரைப்பதில்லை. படுத்துக்கொண்டே போடக்கூடிய கணக்கு யாரையும் கட்டிலிலிருந்து இறக்காது. செல்போன் செயலியில்கூட, வேறு அறையில் உள்ள ஒரு பொருளைப் படம் எடுத்தால்தான் நிற்கும் என்ற அமைப்பு இதைவிட நல்லது.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன், உங்களிடம் இருக்கும் சாதாரண அலாரத்தை அறையின் எதிர்ச்சுவர் ஓரம் வைத்து ஒரு வாரம் பாருங்கள். அதிலேயே சரியாகிவிட்டால் எங்களிடம் எதுவும் வாங்க வேண்டாம்.

அழுத்தினால் அலாரத்தைச் சில நிமிடம் தள்ளிப்போடும் ஸ்னூஸ் பொத்தான் பற்றியும் அடிக்கடி கேட்கிறீர்கள். 1956-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்-டெலிக்ரான் நிறுவனம் கொண்டுவந்த கடிகாரத்தால் பரவலான வசதி அது. அரை மணி நேரம் ஸ்னூஸ் போட்டுப் பழகியவர்களின் சிந்தனைத் திறன் அதனால் குறையவில்லை என்று 2023-இல் சுவீடனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஆகவே இரண்டு தடவை அழுத்திவிட்டு எழுந்துவிடுகிறவர்கள் அதற்காக வருந்த வேண்டாம். அழுத்தியதே நினைவில்லாதவர்கள் ஸ்னூஸ் இல்லாத மாடலையே வாங்குங்கள். விடியலைப் போல மெல்ல வெளிச்சம் கூடும் விளக்கு அலாரம் கலக்கத்தைத் தணிக்க நல்ல துணை, ஆழ்ந்து தூங்குகிறவரை எழுப்ப அது மட்டும் போதாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பதின்வயதுப் பிள்ளைக்காக, 'கையில் ஷாக் அடிக்குமாமே, அந்தப் பட்டை இருக்கிறதா' என்று கேட்டு வருகிறீர்கள். பிள்ளைகளுக்கு அதை நாங்கள் கொடுப்பதில்லை. அந்த வயதில் உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப் போகிறது, இரவு சீக்கிரம் தூக்கம் வராது. தேவையோ 8 முதல் 10 மணி நேரம். படுக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவருவதும், எழுந்ததும் வெளிச்சத்தில் நிற்க வைப்பதும், கால்மிதி அலாரமும் சேர்ந்தால் பெரும்பாலும் வேலை செய்யும். திட்டுவதைக் குறைத்தால் நன்றாகவே வேலை செய்யும்.

இன்னும் சிலரிடம் நாங்கள் அலாரமே விற்க மாட்டோம், முதலில் மருத்துவரைப் பார்க்கச் சொல்வோம். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாகப் பக்கத்தில் படுப்பவர் சொல்வது, எழுந்ததும் தலைவலி, 7, 8 மணி நேரம் தூங்கியும் பகலில் கண்ணைச் சொக்குவது: இவை தூக்கத்தில் மூச்சுத்தடைக்கு அறிகுறிகளாக இருக்கலாம். சளி, ஒவ்வாமைக்கான சில மாத்திரைகளும் மறுநாள் காலை வரை தூக்கத்தை இழுக்கும். புதிதாக ஒரு மருந்து தொடங்கிய பிறகு எழுவது கடினமானது என்றால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வண்டி ஓட்டும் வேலையில் இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

வாங்கிய கருவியை முதலில் விடுமுறை நாளில் சோதித்துப் பாருங்கள், வீட்டில் இருப்பவர்களிடமும் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொருந்தவில்லை என்றால் திருப்பிக் கொண்டுவந்து வேறு வகைக்கு மாற்றிக்கொள்ளலாம். எங்களுக்கு எழுதும்போது உங்கள் மெத்தை எதனால் ஆனது, எவ்வளவு தடிமன், கட்டிலுக்கு அடியில் இடைவெளி உண்டா, அறையில் வேறு யார் தூங்குகிறார்கள், எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்பதைக் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அலாரக் கடையினர்