ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மின்னணுத் தராசு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், செய்நிரலை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தாயிற்று, பிழையே இல்லை என்ற உத்தரவாதமும் கூடவே வருகிறது. பல கருவிகள் ஒரே நேரத்தில் இயங்கும் சமாந்தரச் செய்நிரலுக்கு அந்த உத்தரவாதம் செல்லாது.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் இரண்டு தராசுகள். ஒருவர் பெயரில் காலை நிறை 18 கிலோ ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. இப்போது ஒரு தராசிலிருந்து 7, மற்றதிலிருந்து 5 வருகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் கணினி பழைய மொத்தத்தை வாசிக்கும், பிறகு புதியதை எழுதும். இந்த நான்கு வேலைகளும் கலந்து நடக்கக்கூடிய வரிசைகள் 6. ஒரு பதிவு முடிந்த பின் மற்றது தொடங்கும் 2 வரிசைகளில் மட்டுமே 30 வரும். மற்ற 4 இலும் இரண்டு பதிவுகளும் 18ஐயே வாசித்துவிடும். கடைசியாக எழுதியது எதுவோ அதன்படி 25 அல்லது 23 நிற்கும். கிலோவுக்குச் சம்பளம் என்றால் காசும் அத்தோடு போயிற்று.

பிழையின் நிகழ்தகவு 4/6 என்று உயர்தர மாணவர் எழுதினால் புள்ளி கொடுக்க முடியாது. ஆறும் சமவாய்ப்புள்ளவை என்று யார் சொன்னது? காரியாலயத்தில் சோதிக்கும்போது பதிவுகள் விட்டுவிட்டு வரும், கெட்ட வரிசை தலைகாட்டாது. மலைச்சரிவில் சிக்னல் போய்த் திரும்பும்போது தேங்கிய பதிவுகளெல்லாம் ஒன்றாகப் பாயும். வரிசைக்கு நிகழ்தகவு எண் கிடையாது. அது ஒரு பகைவன் கையில் இருப்பதாகவே கணிதம் எடுத்துக்கொள்கிறது.

நாணயம் சுண்டுவது வேறு. ஒரே வானொலி அலைவரிசையில் இரண்டு தராசும் ஒரே கணத்தில் அனுப்பினால் இரண்டு செய்தியும் கெடும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் ‘அனுப்பு’ அல்லது ‘பொறு’ என, நாணயம் சுண்டியதுபோல், எழுமாற்றாகத் தெரிவு செய்ய வைப்பார்கள். ஒன்று மட்டும் அனுப்பும் நிகழ்தகவு 1/2. பத்துச் சுற்றும் வீணாவது 1/1024. ஆனால் முதல் தராசுக்கு ‘அனுப்பு’ விழுந்தால்தான் இரண்டாவது விழித்தெழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சுண்டிய சுற்றுகளை மட்டும் பதிவேட்டிலிருந்து எடுத்தால், முதலாவதற்கு எப்போதும் ‘அனுப்பு’ தான். நாணயத்தில் குறையில்லை, வரிசை நாணயத்தைப் பார்த்து நடந்திருக்கிறது. இத்துறையில் தேர்ந்தவர்களே சறுக்கும் இடம் இது.

இதைப் பிடிக்கும் மாதிரிக்கு மார்க்கோவ் தீர்மானச் செயன்முறை என்று பெயர். ஒவ்வொரு நிலையிலும் முதலில் எந்தக் கருவி நகர்வது என்ற தெரிவு, அதற்கு எண் இல்லை. பிறகு எங்கே நகர்வது என்பது, அதற்கு நிகழ்தகவு உண்டு. எனவே விடையும் ஒரு எண்ணல்ல, மிகக் குறைந்ததும் மிகக் கூடியதுமாக இரண்டு. கருவிகளுக்குப் பதிலாக, மேசையைச் சுற்றி முள்கரண்டிக்குப் போட்டியிடும் தத்துவஞானிகளை வைத்த புதிருக்குக் கணினியியலாளர்கள் லேமனும் ரபினும் 1981இல் நாணயம் சுண்டும் தீர்வு தந்தார்கள். லிஞ்ச், சயஸ், செகாலா 1994இல் அதற்கு நேர வரம்பு நிறுவினார்கள்: தயாராயிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் அலகு நேரத்துக்குள் நகர ஒரு வாய்ப்புக் கிடைத்தால் போதும், வரிசை எவ்வளவு கெட்டதானாலும், முயல்பவர் இருக்கும்போது 13 அலகுக்குள் யாரோ ஒருவர் சாப்பிடத் தொடங்கும் நிகழ்தகவு குறைந்தது 1/8. சிறிய எண்தான். ஆனால் அடுத்த 13 அலகுக்கும் அதே உறுதி உண்டு. 260 அலகுக்குப் பின்னும் யாரும் சாப்பிடாதிருக்கும் நிகழ்தகவு 7 சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

பிரிஸம் என்ற இலவச மென்பொருள் இந்தக் கணக்கைப் போட்டுத் தரும். ஆனால் தராசுகளின் நிலைகள் ஒன்றோடொன்று பெருகும்: ஒரு தராசுக்கு 10 நிலை என்றால் மூன்றுக்கு 1,000, எட்டுக்கு 10 கோடி. ஆகவே இரண்டு மூன்று தராசோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தராசுக்குத் திருத்தம் எளிது. மொத்தத்தைச் சேமிக்கவே கூடாது. ஒவ்வொரு நிறையையும் தராசு இடும் தனி இலக்கத்தோடு தனி வரியாக எழுதி, கூட்டலைப் பிறகு செய்யலாம். பதிவு கிடைத்தது என்ற ஒப்புகை தொலைந்து அதே பதிவு மீண்டும் வந்தாலும் இலக்கத்தைப் பார்த்துத் தள்ளிவிடலாம். வாங்குமுன் தோட்டத்துக்காரர் இரு தராசையும் விமானப் பயன்முறையில் போட்டு, ஒரே பெயரில் பல தடவை எடைபோட்டு, இரண்டிலும் அந்தப் பயன்முறையை ஒன்றாக நீக்கிப் பார்க்கட்டும். மொத்தம் தப்பினால் அங்கேயே தெரிந்துவிடும். சரியாக வந்தாலும், எந்த வரிசையிலும் மொத்தம் சரியாக வருவதற்கான மிகக் குறைந்த நிகழ்தகவு என்ன என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
கணித, கணினி ஆசிரியர்கள் சிலர்,
ஹட்டன்.